தங்கச் சரவிளக்குக்குள் ஓடும் கேபிள்

குவாண்டம் கணினி பற்றிச் செய்தி வந்தாலே கூடவே ஒரு தங்கச் சரவிளக்கின் படமும் வரும், பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பிள்ளைகள் "இதுதான் கம்ப்யூட்டரா?" என்று கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அது குளிர்சாதனத்தின் உள்பாகம். சிப் அடித்தட்டில், நகத்தளவில் இருக்கும். நான் மென்பொருள் ஆள்தான். ஆனாலும் அந்தப் படத்தில் என் கண் போவது, தட்டுத் தட்டாக இறங்கும் மெல்லிய கேபிள்கள் மேல்தான்.

மேல் முனை அறை வெப்பம், 300 கெல்வின். அடித்தட்டு சுமார் 0.01 கெல்வின். கியூபிட்டோடு பேசுவது ஏறக்குறைய 5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில். நம் வீட்டு வைஃபைக்குப் பக்கத்து வீடு. செம்புக் கேபிள் போட்டால் சிக்னல் நன்றாகப் போகும், சூடும் கூடவே இறங்கும். இரண்டையும் சுமப்பது ஒரே எலக்ட்ரான்கள்தானே! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் சூடு குறையும், சிக்னலும் தேயும்.

வேடிக்கை என்னவென்றால், கீழே போகும் வழியில் வேண்டுமென்றேதான் தேய்க்கிறார்கள். அறை வெப்பத்தின் இரைச்சல் சிப்புக்குப் போய்விடக் கூடாது. அதனால் வழியிலேயே சிக்னலைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல் வரை குறைப்பது வழக்கம். திரும்பி வரும் பதில்தான் பாவம், ஒருசில ஃபோட்டான்கள் அளவே. 4 கெல்வின் தட்டில் உள்ள ஆம்ப்ளிஃபையரைச் சேரும்வரை அதை வீணாக்க முடியாது.

அங்கேதான் நியோபியம்-டைட்டானியம் கேபிள் வருகிறது. சுமார் 9 கெல்வினுக்குக் கீழே அது மீக்கடத்தி. எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடும். ஜோடிகள் மின்சாரத்தைச் சுமக்கும், சூட்டைச் சுமக்காது. செம்பால் முடியாத பிரிவினை இது.

மின்தடை சுத்தமாகப் பூஜ்யம் என்று பள்ளியில் படித்தோமே, அது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்குத்தான். மைக்ரோவேவில் திசை நொடிக்குப் பல நூறு கோடி முறை மாறும். ஜோடிகளுக்கும் எடை உண்டு. முன்னும் பின்னும் தள்ள ஒரு மின்புலம் வேண்டும். ஜோடி சேராத எலக்ட்ரான்களையும் அது ஆட்டும், கொஞ்சம் இழப்பு வரும். நல்லவேளையாக, குளிரக் குளிர அந்தத் தனிக்கட்டைகள் அநேகமாகக் காணாமல் போய்விடும்.

எத்தனை கியூபிட் என்றுதான் தலைப்புச் செய்திகள் எண்ணுகின்றன. எனக்கோ அதைவிட எத்தனை கேபிள் என்பதே கேள்வி. ஒவ்வொன்றும் இடம் பிடிக்கும், கொஞ்சமாவது சூடு கொண்டுவரும். இப்போது மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் பல மீக்கடத்தித் தடங்களைப் பக்கம் பக்கமாகப் பதித்துப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் இந்த உலோகத்தில் சாதாரண சால்டரிங் ஈயம் எளிதில் ஒட்டாது. கனெக்டரை அழுத்திப் பொருத்துவதே ஒரு தனி வேலை.