பட்டியலில் இல்லாத பெயர்

பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரின் தேசியத் தரவுத்தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கத்திலேயே அதில் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே அதனைக் காண இயலும். அனந்தபுரம் போன்ற ஊர்களில் வாழும் பெற்றோருக்கும் அது திறந்துவிடப்பட்டால் குழந்தைகள் காக்கப்படுவார்களா?

முழுமையாக அல்ல என்பதே எங்கள் கருத்து. போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், நண்பர் எனப் பழகியவர்மீது புகாரே எழாவிடில், அவர் பெயர் எப்பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் இல்லாதவரெல்லாம் நம்பத்தக்கவர் என்ற எண்ணமே ஆபத்தானது.

ஆகவே, முதற்காவல் வீட்டில்தான் உள்ளது. காரணமறியா வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், குறிப்பிட்ட ஒருவரிடம் செல்ல மறுத்தல் ஆகியவற்றைப் பொருட்படுத்துங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் அமைதியாக விசாரியுங்கள். குழந்தை பேசினால் நம்புங்கள், மிரட்டாதீர்கள், குடும்ப மானம் கருதி மறைக்காதீர்கள்.

தீங்கு நேர்ந்திருப்பின் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடுத்திய உடையுடன் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். காலம் கடந்திருந்தாலும் வாருங்கள். முதல் தகவல் அறிக்கை இன்றியே பரிசோதனை செய்யச் சட்டம் இடமளிக்கிறது; சிகிச்சை இலவசம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் சட்டக் கடமை. குழந்தையின் அடையாளம் வெளியிடப்படாது. உதவிக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.