உங்களுக்குத் தெரியுமா? வேலைக்கு வழிகாட்டும் அரைகுறை அறிமுகங்கள்

★ வேலை மாறியவர்களிடம், "தகவல் சொன்னது உங்கள் நண்பரா?" என்று கேட்டார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். பலர் அவரைத் திருத்தினார்கள்: நண்பரெல்லாம் இல்லை, சும்மா தெரிந்தவர். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில் எடுத்த அந்தக் கணக்கில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் 100-க்கு 17 பேர்தான். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 28 பேர். மற்றவர்கள் எப்போதாவது சந்தித்தவர்கள். தினமும் சேர்ந்து டீ குடிப்பவருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும். பழைய கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்தவர் காதில் விழுவது வேறு செய்தி. இதைப் பற்றி அவர் எழுதி, 1973-ல் வெளியாகிப் புகழ்பெற்ற கட்டுரையின் முதல் வடிவத்தை 1969-ல் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது!

★ வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளம் லிங்க்ட்இன். அது உருவானது நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் வீட்டு ஹாலில், 2002 டிசம்பரில். 2003 மே 5-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தொடக்கத்தில் சில நாள்களில், ஒரு நாளைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வெறும் 20 பேர். 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இப்போது உறுப்பினர்கள் 100 கோடிக்கு மேல்.

★ கிரானோவெட்டர் சொன்னதை ஆய்வாளர்கள் லிங்க்ட்இன் தளத்திலேயே சோதித்துப் பார்த்து, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, 5 ஆண்டுகளில் 2 கோடிப் பேரைக் கவனித்த ஆய்வு அது. வேலை மாற அதிகம் உதவியது நெருங்கிய உறவும் இல்லை, முன்பின் தெரியாத தொடர்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, பொதுவான நண்பர்கள் சிலர் இருக்கும் அறிமுகம்தான். முடிவு நல்ல முடிவு. ஆனால், இப்படி ஒரு சோதனை நடப்பதைப் பயனாளர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒருவருடைய பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

★ லிங்க்ட்இனில் ஒருவர் 30,000 பேர் வரை தொடர்பில் சேர்க்கலாம். புரொஃபைலிலோ 500-ஐத் தாண்டினால் '500+' என்று மட்டுமே காட்டும். எண்ணிக்கைக்காக ஆள் சேர்ப்பது வீண் வேலை.

★ உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இதைவிடப் பெரிய வாசல் கிடையாது. மாமாவோ சித்தப்பாவோ ஐ.டி. கம்பெனியில் இருக்கத் தேவையில்லை. "எனி ஓப்பனிங்ஸ்?" என்று அந்த முன்னாள் மாணவர்களுக்கு எழுதினால் பதில் வருவது அபூர்வம். "வணக்கம் அண்ணா, நான் நம்ம காலேஜ் 2019 பேட்ச், சிவில். நீங்க மெட்ரோ வேலையில் இருப்பதைப் பார்த்தேன். சுரங்கப்பாதைப் பிரிவுக்கு வர எந்த சாஃப்ட்வேர் கட்டாயம் தெரியணும்?" என்று எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. உடனே ரெஃபரல் கேட்காதீர்கள். அவர் சொன்னதைக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு வரி நன்றி எழுதுங்கள். பழக்கம் அங்கிருந்துதான் வளரும்.

★ உறுப்பினர்களின் மின்னஞ்சல் தொடர்புகளுக்கு அழைப்பும், பிறகு நினைவூட்டலுமாக அனுப்பிக்கொண்டே இருந்ததாகத் தொடுத்த வழக்கில், 2015-ல் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது லிங்க்ட்இன். எந்தச் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்டாலும் யோசித்துக் கொடுங்கள்.

★ தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' வேலை என்று சமூக ஊடகத்தில் ஆசைகாட்டி, இந்திய இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திச் சிறைவைத்ததைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. வெளிநாட்டு வேலை என்று யார் மெசேஜ் அனுப்பினாலும், அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.