எந்தக் கிழமை இறங்குகிறீர்கள்?

மேற்படிப்புக்கென ஜெர்மனி சென்ற நம் மாணவர் ஒருவர், சனிக்கிழமை நள்ளிரவில் விடுதி சேர்ந்தார். மறுநாள் ஞாயிறு. அந்நாட்டில் அன்று கடைகள் அடைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். பெரிய இரயில் நிலையங்களிலுள்ள கடைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்குண்டு. இதனை அறியாத அவர், தாயார் கட்டிக்கொடுத்த முறுக்கோடும் குழாய்த் தண்ணீரோடும் அன்றைய பொழுதைக் கழித்தார். (அங்குக் குழாய் நீரை அப்படியே பருகலாம்.)

எனவே அயல்நாட்டு வாழ்க்கை அடுப்பிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடையுள்ளது. ஆகவே வீட்டு நெய்யைப் பெட்டியில் வைத்துத் தாய்மார்கள் ஏமாற வேண்டா. துருக்கியர் கடைகளில் பருப்பு, வெண்டைக்காய், ஹலால் இறைச்சி ஆகியன கிடைக்கும். நண்பகலுக்குப் பல்கலைக்கழக உணவகமான 'மென்சா' உண்டு. மாணவர்க்கு விலை குறைவு. இரவுச் சமையலை மட்டும் பழகிக்கொண்டால் போதும். சோறு வடிக்கத் தெரியாமல் விமானம் ஏறும் ஆண்பிள்ளைகளை நான் சிறிது கடிந்துகொள்வதுண்டு.

குடியேறிய இரு வாரங்களுக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிதல் கட்டாயம்.

பயணத்திற்கு 2023 மே மாதம் 49 யூரோ கட்டணத்தில் அறிமுகமான மாதச்சீட்டு உதவும். கட்டணம் பின்னர் உயர்ந்தது. நகரப் பேருந்திலும் வட்டார இரயிலிலும் அது செல்லும். நெடுந்தொலைவு விரைவு வண்டிகளில் செல்லாது. அவற்றுக்கு முன்னரே பதிவு செய்தால் செலவு குறையும்.

அம்மாணவர் இப்போது சனி மாலையே சந்தைக்குச் சென்றுவிடுகிறார். புதிதாக வருவோரிடம் அவர் முதலில் கேட்பது, இறங்கும் கிழமையைத்தான்.