கைபேசியும் கைநழுவும் கவனமும்

பம்பாய்க்கு வந்து பல ஆண்டுகள் ஆன நம் மூத்தவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நின்ற நாட்கள் மறந்திருக்காது. இரவானால் கட்டணம் குறையும் என்று, சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் வரிசையில் நிற்போம். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓட ஓட நெஞ்சு படபடக்கும். "அம்மா சௌக்கியமா? அப்பாவுக்குக் கால் வலி எப்படி இருக்கு? சரி, வெச்சுடறேன்." அவ்வளவுதான், மூன்று நிமிடம். ஆனால் அந்த மூன்று நிமிடமும் காதும் மனசும் ஊரிலேயே இருந்தன.

இன்று அம்மாவின் முகமே உள்ளங்கையில் வந்து நிற்கிறது. காசுக் கவலையும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்த என் தாயாருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் திரையின் மேல்பக்கம் ஏதோ ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. "உம்... உம்..." என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்து படித்தேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, உன் கண்ணு வேற எங்கியோ பாக்குதே?"

எண்பது வயதைக் கடந்தவர். கைபேசியில் பச்சைப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர். ஆனாலும் நோய் இன்னதென்று ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். அவர் இன்று இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறது. கைபேசி நம் நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். நேரத்தைவிடப் பெரிய ஒன்றை, நம் கவனத்தை, அது எடுத்துக்கொண்டு போகிறது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

வந்த கதை

இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் கூப்பிடுகிறவருக்கும் கட்டணம், எடுத்துப் பேசுகிறவருக்கும் கட்டணம். ஆகவே ஒருமுறை மணி அடிக்கவிட்டுத் துண்டித்தால் "பத்திரமாகப் போய்ச் சேர்ந்துட்டேன்" என்று பொருள்! 'மிஸ்டு கால்' என்பது நம் மக்கள் கண்டுபிடித்த காசில்லாத் தந்தி. 2003-இல்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின.

2007-இல் ஐபோன் வந்து, தொடுதிரை என்பது பரவலாயிற்று. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறை அறிமுகமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத்தின் விலை சரிந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடமே கைபேசிக்குள் குடியேறியது. இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயமான தேவையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அது நம் வீட்டுக்குள் வந்தது. தேவை முடிந்தபின் எழுந்து போகாத விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டது என்பதே சிக்கல்.

ஏன் கீழே வைக்க முடியவில்லை?

"மனசுல உறுதி இல்ல, அதான்" என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்காக விழுந்தால், ஒருமுறை கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்திருக்கும். எப்போது விழும் என்று தெரியாதபடி, சில சமயம் விழுந்தும் சில சமயம் விழாமலும் இருந்தாலோ, அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரங்களும் இந்த விதியில்தான் ஓடுகின்றன. கைபேசியைத் திறக்கும் நமக்கும் இதே நிலைதான். ஒருமுறை நல்ல செய்தி, அடுத்த மூன்று முறை ஒன்றுமில்லை, பிறகு பேரனின் படம். "இன்னும் ஒருதரம் பாத்துடலாம்" என்று விரல் தானாகவே போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கும். கைபேசித் திரைக்கு அடி என்பதே கிடையாது; தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். செய்தவரே வருந்தும் பொருளிடம் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

இதை நோய் என்று சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில் 'மின்விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றது. கைபேசிப் பழக்கம் தனியொரு நோயாக அதில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், தொழில்நுட்பப் பயன்பாட்டால் அவதிப்படுவோருக்கென்று 2014-இலேயே தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பெயர் எதுவாயினும் அவதி உண்மையானது.

கவிழ்த்து வைத்தாலும்

"நான் சாப்பிடும்போது போனைக் கவுத்து வெச்சுடுவேன்" என்பார் சிலர். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள், அதை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட மனத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் அதைத் தொடவில்லை. அருகில் இருந்ததே போதுமாயிற்று. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு விளைவைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், எடுக்காமல் இருப்பதற்கும் மனசு ஒரு பகுதியைச் செலவிடுகிறது என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

மும்பை மின்ரயில்களில் ஜால்ராவும் டோலக்குமாக பஜனை பாடிச் செல்லும் மண்டலிகள் உண்டு. அலுவலகம் போகும் அலுப்பையே வழிபாடாக மாற்றிக்கொண்டவர்கள். இன்றும் சில பெட்டிகளில் அக்குரல் கேட்கிறது. ஆனால் சுற்றியிருப்போர் பலரின் காதுகளும் அடைபட்டிருக்கின்றன. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு உலகம். வீட்டிலும் இதேதான். நான்கு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து நான்கு ஊர்களில் வாழ்கிறோம்.

சந்நிதியில்

தீபாராதனை காட்டும்போது கைகள் தலைக்கு மேல் குவிந்த காலம் ஒன்று. இன்றும் கைகள் உயர்கின்றன, படம் எடுப்பதற்காக! கற்பூர ஒளியில் ஒரு கணம் தெரியும் திருமுகத்தைக் கண்ணால் பார்க்காமல், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கருவிக்குள் போட்டுக்கொள்கிறோம். அந்த 'அப்புறம்' வருவதேயில்லை.

திருமலையில் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. 2023 ஜூலையில் கேதார்நாத் கோயில் நிர்வாகமும் படம், வீடியோ எடுப்பதைத் தடை செய்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் வாசலில் கருவியை ஒப்படைத்துவிட்டு, டோக்கனைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றால் மனசு சந்நிதியில் இருக்குமா?

பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஐந்தாவது பிரத்யாகாரம், அதாவது வெளியே ஓடும் புலன்களை உள்ளே திருப்புதல். தாரணை, தியானம், சமாதி ஆகிய மூன்றும் அதன் பிறகே. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த அட்டாங்க யோகத்தையே விளக்குகிறார். ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் உவமை, திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்திலும் வருகிறது, கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் வருகிறது. கைபேசியோ நேர்மாறாக, உள்ளே போன ஆமையை நிமிடத்துக்கொரு முறை தட்டி வெளியே அழைக்கிறது. பிரார்த்தனை என்பது சொற்களைவிட முதலில் கவனம். எந்தச் சமயத்துக்கும் இது பொருந்தும். கவனம் போனபின் எஞ்சுவது உதட்டசைவு மட்டுமே.

அப்படியானால் தூக்கி எறிவதா?

கூடாது, முடியவும் முடியாது. காய்கறிக் கடைக்காரருக்குப் பணம் கொடுப்பதும், ஊருக்கு ரயில் டிக்கெட் எடுப்பதும் அதில்தான். படுக்கையில் இருக்கும் முதியவர் தம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தை நேரலையில் பார்த்துக் கண்ணீர் மல்குகிறார். தேவாரமும் பாசுரமும் கேட்டபடி நடைபயிற்சி போகிறோம். கருவியைப் பழிப்பது நன்றி மறந்த செயல்.

நம் மகாராஷ்டிரத்திலேயே ஒரு வழி கிடைத்திருக்கிறது. சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். 2022-இல் அங்கே ஓர் ஊர்க்கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். உடனே வீடுகளில் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைக்கப்படும். 8.30-க்கு மறுபடி சங்கு. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் பேச்சுக்கும். தனியொருவனால் முடியாததை ஊர் சேர்ந்தால் செய்யலாம் என்பதே இதன் பாடம்.

ஏகாதசி, ரமலான், தவக்காலம் என்று நம் நாட்டின் சமயங்கள் பலவற்றில் விரதம் உண்டு. விரதத்தில் உணவை வெறுப்பதில்லை; பசிக்கு நாம் அடிமையில்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்கிறோம். அதையே இங்கும் செய்யலாம். பூஜையறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் கைபேசி வரவேண்டாம். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம் போதும். கைபேசி கூடத்திலேயே தூங்கட்டும். அழைப்பைத் தவிர மற்ற ஒலிகளை அணைத்துவிட்டு, நாம் போய்ப் பார்க்கும்போது மட்டும் செய்திகளைப் பார்ப்போம். அடுக்குமாடியில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து தினம் ஒரு மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு உபதேசிக்குமுன் பெரியவர்கள் தொடங்கவேண்டும். "அப்பா மட்டும் பாக்கலாமா?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

முடிவாக ஒன்று. இன்றிரவு ஊரிலிருக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பேசும்போது வேறெதையும் திறக்காதீர்கள். அவர் முகத்தை மட்டும் பாருங்கள். பழைய எஸ்.டி.டி. பூத் கணக்கில் மூன்று நிமிடம் போதும். என் தாயாரிடம் நான் தரத் தவறியது அதுதான். உங்களுக்கு இன்னும் அந்த வாய்ப்பு இருக்கலாம்.