விமானத்துக்கும் ஓர் அச்சாணி



விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். அவர் தம் கையாலேயே கட்டிய சிறு விமானம் 2014-ஆம் ஆண்டு பறந்தது எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்தில், நெல்லைச் சீமை மணிமுத்தாறில்!

இறக்கை, எஞ்சின் பற்றியெல்லாம் எல்லாரும் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்: வயர் போய்ச் சேருகிற இடம், அதாவது கனெக்டர். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' அல்லவா? எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள எஞ்சினில் ஒரு லக் கழன்றாலே போதும், எஞ்சின் நின்றுவிடலாம்.

முதல் கேள்வி, சால்டரா, கிரிம்பா? சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வு தாக்கும். நாளடைவில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். நல்ல கிரிம்பில் செம்பும் லக்கும் காற்றுப் புகாதபடி இறுகிவிடும். கொறடால் நசுக்கினால் அது வராது. முழுதும் அமுங்கும் வரை வாய் திறக்காத ராட்செட் டூல் வேணும்.

இரண்டாவது, லக்கின் வடிவம். ஃபோர்க் லக் நட்டு தளர்ந்ததும் நழுவிவிடும். ரிங் லக்கோ நட்டு முழுதும் கழன்றால்தான் வெளியே வரும். எனவே ரிங்தான் நல்லது.

மூன்றாவது, அளவு. சிவப்பு ஸ்லீவ் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. பெரிய லக்கில் சிறிய வயரைத் திணித்தால் பிடிப்பு இருக்காது, தடை கூடும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட் சூடு அந்தப் பொட்டு இடத்திலேயே கிளம்பும்!

நான்காவது, உலோகம். நம்ம கடற்கரை உப்புக்காற்றில் வெறும் செம்பு சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கும். வெள்ளீயம் பூசிய வயரும் லக்கும் வாங்க வேணும். கடைசியில் ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

எங்கப்பா குளச்சலில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் துடுப்பு இருக்கிறது, பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடலாம். ஆகாயத்தில் யாரைக் கூப்பிட?

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களிலும் பலர் அப்படித்தான். விமானமோ, முப்பந்தல் காற்றாலையோ, வரைபடம் போடுபவர் யாராகவும் இருக்கட்டும். லக்கை அமுக்கும் கை டிப்ளமோக்காரன் கைதான். அந்தக் கையை நம்பி ஓர் உயிர் மேலே போகிறது. லேபில் டூலை எடுக்கும்போது இதை நினைப்போம், நண்பர்களே!