கத்திக்குள் எருக்க இலை!

குட்டீஸ்! சலூனில் முடி வெட்டும்போது மடக்குக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அதில் புது பிளேடைச் செருகிக்கொள்கிறார்கள். உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் கத்தியின் அலகே பிளேடு! தோல் வாரில் தீட்டித் தீட்டி, ஒரே கத்தியைப் பல வருஷம் வைத்திருப்பார்கள்.

அந்தக் கூர் எங்கிருந்து வந்தது? பழைய கத்தியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாம்பரம் நகைக் கடைகளில் எக்ஸ் கதிர் பாய்ச்சித் தங்கத்தின் தரம் பார்ப்பார்கள் அல்லவா? அதே முறையில் கத்தியைச் சோதித்தால் இரும்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் தெரியும். ஆனால் கூருக்கு முக்கியமான கார்பன், அதாவது கரி, அதன் கண்ணில் படாது! கார்பன் அணு அவ்வளவு லேசானது.

பெரிய விஞ்ஞானிகளையே இந்தக் கார்பன் ஏமாற்றியிருக்கிறது. 1790-களில் இந்திய உருக்கு கட்டி கட்டியாக இங்கிலாந்து போனது. அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர். லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதன் தரத்தில் அசந்துபோனார். 1819-இல் மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்து, அலுமினியச் சத்துதான் ரகசியம் என்று நினைத்தார். தப்பு! பிறகு இருவரும் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கலந்து புதிய உருக்குகளைச் செய்தார்கள். சவரக் கத்திகளும் செய்து பார்த்தார்கள்.

உண்மை ரகசியம், வூட்ஸில் இருந்த 1 முதல் 2 சதவீதக் கார்பன். அது எப்படி வந்தது? நம் ஊர்க் கொல்லர்கள் சின்ன மண் மூசையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைப் போட்டார்கள். மேலே பச்சை எருக்க இலை. வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி, மணிக்கணக்கில் காய்ச்சினார்கள். செடியின் கரி இரும்புக்குள் புகுந்து உருக்கானது! பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை, 1990-களில் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் சோதித்து, அங்கே கார்பன் மிகுந்த உருக்கு காய்ச்சியதைக் காட்டினார்.

இன்று என்ன செய்வார்கள்? கைப்பிடிக்குள் மறையும் இடத்தில் துளி அளவு மெருகேற்றி, மென்மையான அமிலம் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கார்பன் பரவியிருக்கும் விதம் கோலம்போலத் தெரியும். அல்லது மின்பொறி விழச்செய்து, அந்த ஒளியைப் பிரித்து, எந்தப் பொருள் எவ்வளவு என்று அளப்பார்கள். கத்தியில் சின்னப் புள்ளி மட்டும் விழும். இப்படி உலோகங்களை ஆராய, நம் தரமணியிலேயே தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இருக்கிறது.

ஃபாரடேயின் உருக்குத் துண்டுகள் 79, ஒரு பெட்டியில் பத்திரமாக இருந்தன. அதனால்தான் நூறு வருஷம் கழித்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றை மறுபடி ஆராய்ந்து, 1931-இல் புத்தகமே எழுத முடிந்தது.

எனவே வீட்டுப் பரணில் பழைய சவரக் கத்தி இருந்தால், நீங்கள் தொடாதீர்கள்; கையை அறுத்துவிடும். பெரியவர்களிடம் சொல்லுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். காயலான் கடைக்கும் போட வேண்டாம். உருகிப்போன கத்தியை எந்த விஞ்ஞானியாலும் சோதிக்க முடியாதே!