எத்தனையாம் நாள்?

எனக்கு ஆறு கீமோவில் நாலு முடிந்துவிட்டது. கதவடைத்துக்கொண்டு இருக்க வேண்டுமென்றே ஊரில் பலர் நினைக்கிறார்கள். விஷயம் நாட்கணக்கில் இருக்கிறது. 21 நாளுக்கொருமுறை மருந்தேற்றும்போது, பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கும். சின்னத் தடிமனும் ஆபத்தாகலாம். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிதான். அந்த நாட்களில் சுகம் விசாரிக்க வாறவங்க போனில் ஸலாம் சொன்னால் போதும்.

மூன்றாம் கிழமையில் அணுக்கள் மீளத் தொடங்கும். கலியாண வீடு, ஓ.எல். பிள்ளைகளுக்கு இலக்கியப் பாடம் எல்லாம் எனக்கு அப்போதுதான். சஹனில் சேர்ந்து உண்பதில்லை; தனிப் பீங்கான். (மாமிமாருக்கு இதில் மனத்தாங்கல்தான்.) புற்றுநோய் தொற்றாது, பீங்கானைப் பிரிப்பது பிறரின் கிருமி என்னிடம் வராதிருக்கவே. இதைத் தெரிந்துகொண்ட பக்கத்து வீட்டு ராத்தா இப்போது கேட்டிலேயே கேட்கிறார்: "இன்டைக்கு எத்தனையாம் நாள் டீச்சர்?"